சூடத்தை மறைக்கும் கை

காது குத்துக்குப் போனவளை நடுவராக உட்கார வைக்கப் பார்த்தார்கள். அதுவும் எந்த வழக்குக்கு? வேதத்தைக் கடவுள் தந்தாரா, மனிதர்கள் பாடி வைத்தார்களா என்ற வழக்குக்கு. அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தபால் கந்தோரில் காலமெல்லாம் முத்திரை குத்திக்கொண்டிருப்பவள் நான். இதுவரை நான் சொன்ன தீர்ப்பெல்லாம், "முத்திரை போதாது, இன்னொன்று ஒட்டுங்கள்" என்பதுதான்.

அழைத்தவன் என் சித்தப்பா மகன் மாணிக்கம். நாங்கள் இலங்கையிலேயே தங்கிவிட்டோம். குடியுரிமை ஒப்பந்தப்படி சித்தப்பா குடும்பத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவனுக்குப் பத்து வயது. இப்போது கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி. கல்யாணம் தள்ளிப் போய், குழந்தையும் தள்ளிப் பிறந்து, நாற்பதைத் தாண்டியபின் மூன்று வயது மகளுக்கு அப்பன். "நிலாவுக்குக் காது குத்தப் போறோம். நம்ம பக்கத்து ஆள்னு சொல்ல நீங்க ஒருத்தராவது வரணும் அக்கா" என்று எழுதியிருந்தான். அந்த "நம்ம பக்கம்" என்னை அசைத்துவிட்டது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

முதல் நாள் குன்னூரில் பஸ் ஏறியதுமே என் மானம் போயிற்று. மாணிக்கத்துக்காக மாசிக் கருவாடு கொண்டு வந்திருந்தேன். மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டியும் அது சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, யாரு பையிலீங்க இந்த வாசம்?" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பஸ் முழுக்க மூக்கைத் தூக்கியது. நானும் மற்றவர்களைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே தேயிலை. அதே பச்சை, அதே மேடுபள்ளம், அதே மழை. கடல் தாண்டி வந்தவளை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் போகப் போக ஒன்று உறுத்தியது. செடிகளைப் பறிக்காமல் விட்டிருந்தார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பூத்துக் கிடந்தது. முன் சீட்டில் இரண்டு படுகப் பெண்கள் அதைக் கை நீட்டிக் காட்டித் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"இனி ஏணி வெச்சுத்தான் பறிக்கோணும்னு சொல்றாங்க" என்றார் அவர். "தழைக்கு வெலை உழுந்து போச்சுங்க. பறிச்சா பறிக்கூலிக்கே பத்தறதில்ல. பாதி பேக்டரி பூட்டிக் கெடக்குது. சனமெல்லாம் திருப்பூருக்குப் போயிருச்சு."

எங்கள் பக்கமும் விலை சரிந்துதான் இருந்தது. ஆனாலும் செடியை மரமாக விட்டதை நான் பார்த்ததில்லை.

மாணிக்கத்தின் மனைவி சரோஜா கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். வீட்டுக்குள் கால் வைத்ததும் வர்க்கி பிஸ்கட்டும் தேநீரும் கொண்டு வந்தாள். வர்க்கி அருமை. ஒரு கடிக்கு நூறு துண்டாக உதிர்கிறது, மடியெல்லாம் பொறுக்க வேண்டியிருக்கிறது. தேநீரில்தான் எனக்குக் கொஞ்சம் குறை. நாங்கள் வெறும் சாயத்தைக் குடித்துக்கொண்டு சீனியை உள்ளங்கையில் வைத்து நக்குகிறவர்கள். இங்கே பாலில் தேயிலையைப் போட்டு அது மன்னிப்புக் கேட்கும்வரை கொதிக்க வைக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்காக மாணிக்கமே ரொட்டி தட்டித் தேங்காய்ச் சம்பல் இடித்தான். கருவாட்டை முகர்ந்துவிட்டுக் கண் கலங்கினான். பஸ்ஸில் போன மானம் அந்த நிமிடத்தில் திரும்பி வந்தது.

சாப்பிடும்போது சரோஜா என்னிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "அண்ணி, காது குத்தறப்ப புள்ள தாய்மாமன் மடியில உக்காரோணுமுங்க. எங்கண்ணனும் இவரும் திருவிழாவுல இருந்து பேச்சுவார்த்தை இல்ல. அண்ணனில்லாம நான் எம் புள்ளைக்கு ஊசி வெக்க உடமாட்டேன். நீங்கதான் ரெண்டு பேருக்கும் ஞாயம் சொல்லோணும்."

"என்ன சண்டை? நிலமா?"

"வேதமுங்க" என்றாள் சரோஜா.

எனக்குப் புரையேறியது.

சரோஜாவின் அண்ணன் பெயர் சிவசாமி. அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. புத்தகப் புழு. மாணிக்கமும் லேசுப்பட்டவன் இல்லை, கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் படிப்பான். இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அரவேணுவில் ஒரு டீக்கடையில் சந்தித்து வேதம் எங்கிருந்து வந்தது என்று தொண்டை வற்றப் பேசுவார்களாம். பல வருடமாக நடந்த இனிமையான சண்டை. போன திருவிழாவில் அதையே பட்டிமன்றமாக்கி மைக்கில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கேதான் முறிந்திருக்கிறது.

"நீங்களே சொல்லுங்கக்கா" என்றான் மாணிக்கம். "மச்சான் சொல்றாரு, பாட்டுல ரிஷிங்க பேரு இருக்குதாம், அதனால அவங்க பாடினதாம். நீங்க தபால் கந்தோர்ல இருக்கீங்க. கடுதாசியக் கொண்டு வந்து குடுக்கிறது தபால்காரன்தான். அதுக்காகக் கடுதாசிய அவனா எழுதினான்? ரிஷிங்க காதுல விழுந்துச்சு, வாயால சொன்னாங்க. எழுத்தே இல்லாம, ஒரு சத்தம் மாறாம, வாய்வழியாவே இத்தனை காலம் வந்திருக்கு. மனுசன் செஞ்சது அப்படி நிக்குமா?"

தபால் உதாரணத்தில் நான் கொஞ்சம் மயங்கித்தான் போனேன். ஆனாலும், "இதற்கெல்லாமா பேச்சை நிறுத்துவது?" என்று கேட்டேன்.

"அதுக்கில்லக்கா." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வேதம் வெளியில இருந்து வந்தவங்க கொண்டு வந்ததுன்னாரு. சரின்னு கேட்டுக்கிட்டேன். அடுத்து நம்ம கோயில் வழக்கத்தையும் எடுத்தாரு. அதுவும் அப்படித்தான், சிலோன்ல எவனோ கிளப்பி விட்டது, இங்க வந்தும் விடாம செய்யறாங்கன்னு சொன்னாரு. சனமெல்லாம் சிரிச்சிச்சு. வந்த நாளா எங்கள சிலோன்காரன், சிலோன்காரன்னுதான் கூப்பிடறாங்க. மச்சானும் அதைச் சொல்லணுமா?"

அது என்ன வழக்கம் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுநாள் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காது குத்துக்கு உத்தரவு கேட்க தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் மாரியம்மன் கோயிலில் ஒரு பூசை வைத்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். சித்தப்பாவோடு ஒரே தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் வந்த ஆட்கள் கட்டியது. பூசாரி பழனியாண்டி, தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்ப்பவர். அவருடைய பாட்டனார் பெரியாண்டிதான் இலங்கையில் எங்கள் தோட்டத்தில் பூசாரியாக இருந்தவர்.

தப்பு மேளம் முழங்கியது. பழனியாண்டி சூடத்தைக் கொளுத்தித் தட்டைத் தூக்கினார். திடீரென்று இடது கையை உயர்த்தினார். தப்பு நின்றது. அந்தக் கையை விரித்துச் சூடத்தின் முன்னால் பிடித்து, சுடர் யார் கண்ணிலும் படாமல் மறைத்தார். உதடு அசைய அவர் பன்னிரண்டு எண்ணினார். கையை எடுத்தார். தப்பு மறுபடி முழங்கியது.

"இதான்க்கா" என்று மாணிக்கம் என் காதில் சொன்னான். "வேதத்துல வர்ற பன்னெண்டு சூரியனுக்குப் பன்னெண்டு எண்ணிக்கை. எந்தப் புத்தகமும் படிக்காத சனத்துக்கு இது எப்படித் தெரிஞ்சிச்சு? சாமி நேராக் குடுத்ததுதானே!"

அந்தக் கை எதற்காக மறைக்கிறது என்று எனக்குத் தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்றுகூடச் சொல்லலாம். அம்மா சொல்லியிருக்கிறாள்.

எனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்திருந்தாள். பெயர் பாக்கியம். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போனது திருவிழா அன்று காலையில். லயத்தில் பிணம் கிடந்தால் கோயிலில் பூசை கூடாது. ஆனால் திருவிழாவுக்குத் தோட்டத்துத் துரை கொடுத்த லீவு அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு நிறுத்தினால் அந்த வருடம் அம்மனுக்குத் திருவிழாவே கிடையாது. பெரியவர்கள் கூடி, நடத்திவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். லயத்தின் கடைசிக் காம்பராவில், எங்கள் ஒற்றை அறையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். பெரியாண்டிப் பூசாரி சூடத்தைத் தூக்கும்போது தப்பையும் மீறி அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. தப்பை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியவர், சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு தாயே, அவ அழுது முடிக்கட்டும்" என்றாராம். அம்மாவின் அழுகை அடங்கிய பிறகுதான் கையை எடுத்தாராம்.

மறு வருடமும் அதே இடத்தில் அவர் கையைத் தூக்கினார். எண்ணிக்கை கிடையாது, விளக்கமும் கிடையாது. கூட்டத்தில் நின்ற அம்மாவைப் பார்த்துக்கொண்டே செய்தாராம். அப்புறம் எல்லாப் பூசையிலும் அது சேர்ந்துகொண்டது. தீட்டோடு திருவிழா நடத்தியது வெட்கக்கேடு என்பதால் அந்தத் தலைமுறை வாயே திறக்கவில்லை. இப்போது அவர்களில் யாரும் இல்லை. எங்கள் பக்கம் அந்தக் கோயிலை இடித்துக் கருங்கல்லில் கட்டி ஐயரை வைத்துவிட்டார்கள். அங்கே அந்த வழக்கம் போய்விட்டது. கடலுக்கு இந்தப் பக்கம், காரணம் தெரியாத ஒரு கூட்டம், என் அக்காவுக்காகச் சூடத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

அன்று முழுக்க நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிவசாமி கட்சி ஜெயித்துவிடும். மனிதன் செய்தது என்பதற்கு என்னைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைப்பாள்? மாணிக்கம் உடைந்துபோவான். அப்புறம் காது குத்து ஏது, மடி ஏது? சொல்லாமல் போகலாம் என்றால் அக்காவை இரண்டாவது முறை புதைத்த மாதிரி இருந்தது. சரோஜா வைத்த ராகிக் களியையும் அவரைக் குழம்பையும் பாதி மிச்சம் வைத்தேன். களி பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சரோஜாவும் அவள் அண்ணனை நேரில் அழைக்கப் புறப்பட்டோம். அரவேணு வந்ததும் பஸ் புகை விட்டு நின்றது. டிரைவர் இறங்கி, என்ஜினைத் திறந்து, வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வண்டி வரும்வரை நிற்க வேண்டியதுதான். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆட்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். இங்கே ஒருவரும் யாரையும் திட்டாமல் டீக்கடைக்குள் போய்விட்டார்கள். நாங்களும் போனோம். பெஞ்சில் ஒரு மனிதர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா! நீங்க இங்கெங்க?" என்றாள் சரோஜா.

"ஞாயித்துக்கெழமையாச்சே சாமி" என்றார் சிவசாமி அசடு வழிந்தபடி.

"வாராவாரம் வந்தர்றாருங்க" என்று கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து போட்டுக் கொடுத்தார். "ஒண்டியா உக்காந்து ரோட்டையே பாக்கறது. மேஸ்திரி வந்தா பேச்சு மும்முரத்துல பாதி டீ, வராட்டி ரெண்டு டீ."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. சரோஜா என்னை அறிமுகம் செய்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். எதிரியின் அக்கா என்ற முகச்சுளிப்பு துளியும் இல்லை.

"நான் வேதத்தக் கெட்டதுன்னு சொல்லலீங்க அக்கா" என்று தானாகவே ஆரம்பித்தார். "மழை வேணும், மாடு வேணும், புள்ளைக நல்லாருக்கோணும்னு அதுல கேக்கறாங்க. சாமி எதுக்குங்க சாமிகிட்டயே மாடு கேக்கோணும்? மனுசன் கேட்டது அது. கேட்டவன் வடமேக்க இருந்து வந்தான்னு கொஞ்சம் பேரு சொல்றாங்க, இங்கியே இருந்தவன்னு கொஞ்சம் பேரு. அந்த வழக்கு முடியாது, உடுங்க. மனுசன் பாடுனதுன்னா மட்டமாங்க? எனக்கு அதுதானுங்க பெருசு."

"அப்போ எங்கள் கோயில் வழக்கம்?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு வாய் நீண்டு போச்சுங்க. பூசாரிக்கு கை சுடறதுனாலதான் பன்னெண்டோட நிறுத்தறாருன்னு மைக்குல சொன்னேன். சனம் சிரிச்சுதா, எனக்கும் குஷியாயிருச்சு."

நான் சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. லீவு, காய்ச்சல், கடைசிக் காம்பரா, அம்மாவின் சத்தம் எல்லாம் சொன்னேன். சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிவசாமியின் டீயில் ஆடை கட்டியது.

"அப்ப நாஞ் சொன்னதுதானுங்களே சரி. ஒரு மனுசன் உண்டாக்குனதுதான்..." என்று தொடங்கினார். கைக்குட்டையை எடுத்து முகம் முழுவதையும் துடைத்தார். "கை சுடுதுன்னு சொன்னேனே அக்கா. மைக்குல சொன்னேனே" என்றார். பிறகு, "மாப்ள கிட்ட நான் ஜெயிச்சேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று என்னைக் கெஞ்சினார். காது குத்துக்கு வருகிறேன் என்று சரோஜாவின் கையைப் பிடித்துச் சொன்னார்.

மாணிக்கத்திடம் அன்று மாலையே சொன்னேன். வீட்டுப் பின்னால் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே தீட்டினான். பாதியில் கை நின்றது. "ஏன்க்கா சொன்னீங்க?" என்றான். கத்தியை வைத்துவிட்டு எழுந்து குழாயடிக்குப் போய், முகம் கழுவி, வெகுநேரம் அங்கேயே நின்றான். நான் தலைவலிக்கு மருந்து தேட ஆரம்பித்துவிட்டேன். செய்த காரியம் தப்போ என்று தோன்றியது.

திரும்பி வந்தவன் கேட்டான். "பெரியாண்டிப் பூசாரிக்கு அந்த நேரத்துல கையத் தூக்கச் சொல்லி யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லவில்லை. அவருக்கே தோன்றியது."

"அதான்க்கா." அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அந்தத் தோணினதைத்தான் நான் சாமி குடுத்ததுன்னு சொல்றேன். சாமி வேற எப்படிக் குடுக்கும்?"

என் தலைவலி போன இடம் தெரியவில்லை.

மறுநாள் காது குத்து. சிவசாமி புதுப் பாவாடை, பழம், வெல்லம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். "வாங்க மச்சான்" என்றான் மாணிக்கம். "வந்துட்டேன் மாப்ள" என்றார் அவர். சிவசாமி மைக்கில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மாணிக்கம் அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "அதெல்லாம் உடுங்க மச்சான்" என்றான். பிறகு சிவசாமிக்குப் பொறுக்கவில்லை.

"இருந்தாலும் மாப்ள, அது மனுசன் செஞ்சதுதானுங்களே?"

"செஞ்ச மனுசனுக்குள்ள இருந்தது யாரு மச்சான்?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடிட்டுப் புள்ளைய உக்கார வெக்கறீங்களா?" என்றாள் சரோஜா. அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோயில் வாசலில் சிவசாமி சம்மணமிட்டு அமர்ந்தார். நிலா மாமன் மடியில் வெல்லத்தை நக்கிக்கொண்டு, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத ராஜகுமாரியாக உட்கார்ந்தாள். நகைப் பத்தர் ஊசியை எடுத்தார். ஒரு காது, மறு காது. அடுத்த நொடி மலையே எதிரொலிக்கிற மாதிரி ஓர் அலறல். நான் கொண்டு வந்த குட்டித் தோடுகளை அவர் ஒருவழியாக மாட்டி முடித்தார்.

பூசை தொடங்கியது. பழனியாண்டிக்கு மாணிக்கம் காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவர் தட்டைத் தூக்கும் முன் என் அருகில் வந்து, "புள்ள பேரு என்னாங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. நிலா என்று சொல்லப் போனேன். பிறகுதான் உறைத்தது. அக்காவின் பெயரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "பாக்கியம்" என்றேன்.

சூடம் எரிந்தது. இடது கை உயர்ந்தது. தப்பு நின்றது. அவர் கை சுடரை மறைத்தது. "பாக்கியம் பேருக்குத் தாயே" என்றார்.

நான் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு ஆயிற்று. கை இறங்கவில்லை. அவர் உதடும் அசையவில்லை. அந்த அமைதியில் நிலாவின் அழுகை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சிவசாமி அவள் முதுகைத் தடவியபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாணிக்கம் அவர் தோளில் கை வைத்திருந்தான். சூடம் குறைந்ததும், பழனியாண்டி இடது கையை எடுக்காமலே பக்கத்தில் நின்றவரிடம் தலையசைத்தார். அவர் இன்னொரு கட்டியைப் போட்டார். எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக நிலாவின் அழுகை விம்மலாகி, விம்மல் விக்கலாகி, மாமன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அடங்கினாள்.

பழனியாண்டி கையை எடுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"எண்ணலையா?" என்று மாணிக்கம் கேட்டான்.

"எங்க பாட்டன் எண்ணியிருக்க மாட்டாரு" என்றார் அவர்.

தப்புக்காரர்கள் குச்சியைத் தூக்கினார்கள். அவர் அவர்களுக்குச் சைகை காட்டத் திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார். அதுவரை எனக்கே தெரியவில்லை, நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். பழனியாண்டி தப்புக்காரர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்தச் சிவந்த கையை மறுபடியும் சூடத்துக்கு முன்னால் கொண்டுபோனார்.